காலாவதியான கடவுச்சொற்களால் விபிஎன் முடங்கிய நிகழ்வு: சென்னை, ஏப்ரல் 2020

பின்னணி

சென்னையில் தலைமை அலுவலகமும் கோவையில் ஒரு கிளையும் கொண்ட நடுத்தர நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. பணியாளர்கள் ஏறக்குறைய 400 பேர். நான் அப்போது அங்கே நெட்வொர்க், சர்வர் பராமரிப்புக் குழுவில் இருந்தேன். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய வாரத்திலேயே பெரும்பாலானோருக்கு லேப்டாப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளவும் ஹெல்ப்டெஸ்க் தொலைபேசியை எடுக்கவும் இரண்டு பேர் மட்டும் அனுமதிச் சீட்டோடு அலுவலகம் வந்துபோனார்கள். மற்ற எல்லோருக்கும் அலுவலகத்துக்கான ஒரே வழி விபிஎன்தான், அதாவது இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் இணைப்பு.

அந்த விபிஎன் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயனர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுப்பார். நெட்வொர்க்கின் வாசலைக் காக்கும் ஃபயர்வால் அதை எல்டேப் என்ற நெறிமுறை வழியாக, பணியாளர்களின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிடம் காட்டி, சரியா என்று கேட்கும். சரி என்று பதில் வந்தால் பயனரின் கைபேசிக்கு ஓடிபி போகும். அதையும் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் கடவுச்சொல்லின் ஆயுள் 90 நாள். ஒருமுறை மாற்றினால் குறைந்தது 1 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்றலாம். 5 முறை தவறாகக் கொடுத்தால் கணக்கு 30 நிமிடம் பூட்டப்படும்.

அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் ஒரு பாதுகாப்புத் தணிக்கை நடந்திருந்தது. சில கணக்குகளில் கடவுச்சொல் மிகப் பழையதாக இருப்பதைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். அதனால் பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் வேலை நாளான ஜனவரி 20, திங்கட்கிழமை, எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்று முடிவானது. காலையில் கணினியைத் திறந்ததும் விண்டோஸ் கேட்டது, எல்லோரும் மாற்றினார்கள், வேலை நடந்தது. அன்றிலிருந்து 90 நாள் எண்ணினால் ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று யாருமே அலுவலகத்தில் இருக்கமாட்டார்கள் என்று ஜனவரியில் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 20, திங்கள் காலை

எட்டரை மணிக்கே அழைப்புகள் தொடங்கிவிட்டன. எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: வெள்ளிக்கிழமை வரை விபிஎன் வந்தது, இன்று 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு' என்கிறது. அதோடு பலர் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: "ஓடிபி வரவே இல்லை."

முதல் சந்தேகம் அந்த ஓடிபி மேலேயே விழுந்தது. குறுஞ்செய்தி தாமதமாக வருவது அந்த வாரங்களில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். குறுஞ்செய்தி சேவை தருபவரிடம் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஆனால் அவர்கள் பக்கம் எந்தச் செய்தியும் தேங்கவில்லை, ஏனென்றால் எங்களிடமிருந்து எந்தச் செய்தியும் போகவே இல்லை. முதல் படியான கடவுச்சொல்லே தேறாதபோது ஃபயர்வால் ஓடிபி அனுப்பாது. ஓடிபி வராததை நோயாகப் பார்த்தோம், அது அறிகுறி மட்டும்தான்.

இதற்கிடையில் ஹெல்ப்டெஸ்க் தன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தது. 'கடவுச்சொல் தவறு' என்று யார் அழைத்தாலும் ரீசெட் செய்து, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைச் சொல்லி, 'அடுத்த முறை உள்நுழையும்போது பயனர் மாற்றியாக வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுப்பது அங்கே எழுதிவைத்த நடைமுறை. அலுவலகத்துக்குள் அது நல்ல நடைமுறையும்கூட. தற்காலிகக் கடவுச்சொல் ஹெல்ப்டெஸ்க்காருக்குத் தெரியும் என்பதால், பயனர் உடனே அதை மாற்றிவிட வேண்டும். அன்று காலை அப்படி ரீசெட் செய்யப்பட்ட யாருக்குமே விபிஎன் கிடைக்கவில்லை. அவர்கள் திரும்ப அழைத்தார்கள். மறுபடி ரீசெட். சிலருக்கு இது மூன்று முறை நடந்தது.

சம்பளப் பிரிவில் இருந்த மூத்த பணியாளர் ஒருவரின் அழைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் சம்பளப் பட்டியலை முடித்தாக வேண்டிய பொறுப்பு அவருடையது. "தம்பி, எனக்குக் கண் சரியாகத் தெரியலையா, இல்ல கீபோர்டுதான் கெட்டுப்போச்சா? நீங்க சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுப் பார்த்துத்தான் அடிக்கிறேன். என் லேப்டாப் மட்டும் பழைய பாஸ்வேர்ட்லயே திறக்குதே, அது எப்படி?" என்றார். "கேப்ஸ் லாக் பாருங்க மேடம்" என்பதுதான் ஹெல்ப்டெஸ்க் இளைஞரால் அப்போது சொல்ல முடிந்த பதில். அவர் கேட்ட கேள்விக்குள்தான் விடையே இருந்தது.

லாக் சொன்னது

பதினொரு மணி வாக்கில் ஹெல்ப்டெஸ்க்கில் இருந்த இன்னொருவர் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார். அலுவலகக் கணினி அவரிடம் போன வாரமே 'உங்கள் கடவுச்சொல் 5 நாளில் முடிகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். அன்று காலை மாற்றச் சொன்னது, மாற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். அப்போதுதான் ஜனவரி 20 நினைவுக்கு வந்தது.

ஊகத்தை வைத்துக்கொண்டு விதியில் கை வைக்க முடியாது. ஃபயர்வாலின் விரிவான லாகை, அதாவது ஒவ்வொரு உள்நுழைவு முயற்சியையும் நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவைத் திறந்தோம். ஃபயர்வாலுக்கு நிர்வாகக் கணக்கு தனியாக இருந்ததால் அது காலாவதி ஆகவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் ஜனவரியில் விடுப்பில் இருந்து பிப்ரவரியில் கடவுச்சொல் மாற்றியவர், அவருக்கு விபிஎன் வேலை செய்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அன்று யாராவது சர்வர் அறைக்கே போயிருக்க வேண்டும்.

எல்டேப் உள்நுழைவு தோற்றால் வரும் பொதுவான பிழை எண் 49. பயனரின் திரையில் 'பெயர் அல்லது கடவுச்சொல் தவறு' என்று வருவது அதை வைத்துத்தான். ஆனால் ஆக்டிவ் டைரக்டரி அந்த 49-க்குள் 'டேட்டா' என்ற இடத்தில் இன்னொரு எண்ணையும் அனுப்புகிறது. காரணம் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. உண்மையிலேயே தவறான கடவுச்சொல் என்றால் 52இ. காலாவதி ஆகியிருந்தால் 532. 'அடுத்த முறை மாற்றியாக வேண்டும்' என்ற டிக் இருந்தால் 773. கணக்கு பூட்டப்பட்டிருந்தால் 775.

அன்றைய லாகில் அதிகாலை முதல் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் 532. ஒன்பது மணிக்கு மேல் 773 வரத் தொடங்கி, பத்து மணி வாக்கில் 775 கூடிக்கொண்டே போனது. 52இ-யும் இருந்தது, ஆனால் ஒரே பயனருக்கு 532 வந்த பிறகே வந்தது. 'இது இல்லை போலிருக்கிறது' என்று அவர்கள் வேறு வேறு கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

532-ஐயும் 773-ஐயும் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கொடுத்த கடவுச்சொல் சரியாக இருந்தால் மட்டுமே ஆக்டிவ் டைரக்டரி இந்த எண்களைத் திருப்பும். முதலில் சரிதானா என்று பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் 'ஆனால் காலாவதி' என்கிறது. 775 அப்படி இல்லை, பூட்டிய கணக்குக்குத் தவறான கடவுச்சொல் கொடுத்தாலும் அது வரும். ஆக லாகில் 532 இருந்த ஒவ்வொருவரும் சரியாகத்தான் டைப் செய்திருந்தார்கள். அந்தச் சம்பளப் பிரிவு மேடத்தின் பெயருக்கு எதிரே காலை 8.40-க்கு 532 இருந்தது. அதன் பிறகு வரிசையாக 773.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கினோம். டிக் இல்லாமல் விபிஎன் கிடைத்தது. டிக் போட்டதும் அதே கடவுச்சொல்லுக்கு 773, திரையில் 'கடவுச்சொல் தவறு'. டிக்கை எடுத்ததும் மறுபடி கிடைத்தது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏன் யாருக்கும் முன்கூட்டியே தெரியவில்லை

விண்டோஸ் இயல்பாகவே காலாவதிக்கு 5 நாள் முன்பிருந்து எச்சரிக்கும். ஆனால் கணினியில் உள்நுழையும் நேரத்தில் டொமைன் கன்ட்ரோலரை, அதாவது ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரைத் தொட முடிந்தால்தான் எத்தனை நாள் மீதம் என்பது அதற்குத் தெரியும். வீட்டில் இருப்பவர் முதலில் லேப்டாப்பில் நுழைகிறார், பிறகுதான் விபிஎன் போடுகிறார். நுழையும் நேரத்தில் லேப்டாப்புக்கு அலுவலகம் தெரியாது. கடைசியாக வெற்றிகரமாக நுழைந்தபோது சேமித்துவைத்த சான்றைக் கொண்டு அது கதவைத் திறந்துவிடுகிறது. அந்தச் சேமிப்புக்குக் காலாவதி கிடையாது. லேப்டாப் மட்டும் ஏன் பழைய கடவுச்சொல்லில் திறக்கிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில். லேப்டாப் திறப்பதைப் பார்த்தவர்கள் கடவுச்சொல் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பியதில் தவறே இல்லை.

மாற்ற வேண்டுமென்றால் டொமைன் கன்ட்ரோலரை அடைய வேண்டும். அடைய விபிஎன் வேண்டும். விபிஎன் கிடைக்க, காலாவதி ஆகாத கடவுச்சொல் வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய நிலை. விபிஎன் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளும் வசதி ஃபயர்வாலில் இருந்தது, ஆனால் எங்கள் அமைப்பில் அது வேலை செய்ய வழியில்லை. எல்டேப் 389-ஆம் போர்ட்டில் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல் ஓடியது. குறியாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல் மாற்றத்தை ஆக்டிவ் டைரக்டரி ஏற்காது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு உடனே எடுத்தது: டிக் போட்டு ரீசெட் செய்வதை நிறுத்து. அதனால் யாருக்கும் பயனில்லை என்பதோடு, 532-இல் இருந்தவரை 773-க்குத் தள்ளி, மீட்பதை இன்னும் கடினமாக்கியது அது.

அடுத்தது, காலாவதி ஆன மொத்தப் பேரையும் எப்படி உள்ளே கொண்டுவருவது என்பது. மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அடையாளம் பார்த்து ரீசெட் செய்யலாம். இரண்டு பேர் ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கும்போது அது வாரக்கணக்கில் இழுக்கும். 'கடவுச்சொல் காலாவதியாகாது' என்ற குறியை எல்லோருக்கும் போடலாம். நொடியில் முடியும், ஆனால் அந்தக் குறியைப் பின்னால் யாரும் எடுக்கமாட்டார்கள், ஜனவரித் தணிக்கையில் சிக்கிய பழைய கணக்குகள் அப்படி உருவானவைதான். மூன்றாவது, எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான டொமைன் விதியிலேயே ஆயுளை 90-இலிருந்து 180 நாளாக நீட்டுவது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆக்டிவ் டைரக்டரி காலாவதித் தேதி என்று ஒன்றைக் கணக்கில் எழுதிவைப்பதில்லை. கடைசியாக மாற்றிய நாளையும் விதியில் உள்ள ஆயுளையும் கூட்டிப் பார்த்து அவ்வப்போது கணிக்கிறது. அதனால் ஆயுளை நீட்டினால், ஏற்கெனவே காலாவதியான கடவுச்சொற்களும் அந்த நிமிடமே உயிர் பெறும். பயனர் எதையும் செய்ய வேண்டியதில்லை.

தகவல் பாதுகாப்பு அதிகாரி தயங்கினார். ஊரடங்கின் பெயரைச் சொல்லி வரும் மோசடி மின்னஞ்சல்கள் பெருகியிருந்த நேரம் அது, அவர் தயக்கம் நியாயமானது. மாலை நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். விபிஎன்னுக்கு ஓடிபி யாருக்கும் விலக்கின்றி இருக்க வேண்டும். இந்த நீட்டிப்பு எழுத்தில், முடியும் தேதியோடு பதிவாக வேண்டும். இரண்டையும் ஏற்றோம். அவசரத்தில் நடந்த எல்லாவற்றிலும் அந்த எழுத்துப் பதிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னால் தணிக்கையாளர் கேட்டபோது காட்ட அது இருந்தது.

அதே கூட்டத்தில் குறைந்தபட்ச ஆயுளான 1 நாளையும் தற்காலிகமாக 0 ஆக்கினோம். டிக் இல்லாமல் ரீசெட் செய்தால், அந்த நேரமே 'கடைசியாக மாற்றிய நேரம்' ஆகிவிடும். 1 நாள் விதி இருந்தால் பயனரால் அன்றே தன் சொந்தக் கடவுச்சொல்லுக்கு மாற முடியாது. அப்போது விண்டோஸ் காட்டும் செய்தியும் நீளம், சிக்கல்தன்மை, பழைய வரலாறு என்று வேறு எதையோ சொல்லும். ஏற்கெனவே குழம்பியிருப்பவருக்கு அது இன்னொரு தலைவலி.

தொடர்ந்து நடந்தது

செவ்வாய்க்கிழமை அதிகாலை விதியை மாற்றினோம். டொமைன் கன்ட்ரோலர்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குரூப் பாலிசியை, அதாவது இந்த விதிகளின் தொகுப்பைப் படிக்கும் என்பதால் அதிக நேரம் ஆகவில்லை. யாருக்கு முந்தைய நாள் யாருமே உதவவில்லையோ அவர்கள் எல்லோரும் காலையில் பழைய கடவுச்சொல்லிலேயே நுழைந்தார்கள். ஹெல்ப்டெஸ்க்கை அழைத்து ரீசெட் வாங்கியவர்கள்தான் மிச்சம்.

773-இல் இருந்தவர்களுக்கு ஆயுள் நீட்டிப்பு உதவாது. டிக் போட்டால் 'கடைசியாக மாற்றிய நாள்' சுழியாகிவிடும், அதோடு எதைக் கூட்டினாலும் பயனில்லை. அவர்களை ஒவ்வொருவராகத்தான் எடுக்க முடிந்தது. மனிதவளப் பிரிவின் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நாங்களே அழைத்து, மேலாளரையும் இணைப்பில் வைத்து ஆளை உறுதி செய்துகொண்டு, டிக் இல்லாமல் புதிய தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்தோம். பிறகு வரிசை முக்கியம். லேப்டாப்பில் பழைய கடவுச்சொல்லால் நுழைய வேண்டும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது அதுதான். விபிஎன்னில் தற்காலிகக் கடவுச்சொல். இணைந்ததும், இணைப்பைத் துண்டிக்காமலே, கன்ட்ரோல்-ஆல்ட்-டிலீட் அழுத்திச் சொந்தக் கடவுச்சொல்லுக்கு மாற வேண்டும். அப்புறம் திரையைப் பூட்டி, விபிஎன் இருக்கும்போதே புதியதைக் கொடுத்துத் திறக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டவர்களுக்கு லேப்டாப் ஒரு கடவுச்சொல்லிலும் அலுவலகம் இன்னொன்றிலும் நின்றுபோனது.

பூட்டப்பட்ட கணக்குகள்தான் அதிக நேரம் எடுத்தன. பூட்டைத் திறந்தால் சில நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொண்டது. டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற நிகழ்வு எண், பூட்டுக்குக் காரணமான கணினியின் பெயரைச் சொல்லும். பார்த்தால் பெரும்பாலும் எங்கள் மின்னஞ்சல் சர்வர். அதாவது, பயனரின் கைபேசி பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அஞ்சலை இழுக்க ஓயாமல் முயன்றுகொண்டிருந்தது. ஒருமுறை மட்டும் ரீசெட் ஆனவர்களுக்கு இது நடக்கவில்லை, பலமுறை ஆனவர்களுக்கே நடந்தது. காரணம், முந்தைய இரண்டு கடவுச்சொற்களில் ஒன்று வந்தால் அதைத் தவறான முயற்சியாக ஆக்டிவ் டைரக்டரி எண்ணாது. மூன்று முறை ரீசெட் செய்தவர்களின் பழைய கடவுச்சொல் அந்தச் சலுகையைத் தாண்டிப் போய்விட்டது. அவர்களிடம் முதலில் கைபேசியில் அஞ்சல் கணக்கை அணைக்கச் சொல்லி, பிறகு பூட்டைத் திறந்து, மற்ற படிகளுக்குப் போனோம்.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே கடைசி ஆளும் உள்ளே வந்துவிட்டார். சம்பளம் மாதக் கடைசியில் வழக்கம்போல் போனது. அந்த மேடத்திடம் லாகில் இருந்த 8.40 மணி வரியைப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் சரியாத்தானே அடிச்சிருக்கேன்" என்றார். ஆமாம் மேடம், முதல் முறையே சரியாகத்தான் அடித்திருந்தீர்கள் என்றேன்.

மாற்றியவை

ஹெல்ப்டெஸ்க் படிவம் மாறியது. 'கடவுச்சொல் தவறு' என்று அழைப்பு வந்தால் ரீசெட்டுக்கு முன் லாகில் துணை எண்ணைப் பார்க்க வேண்டும். அதற்காக அந்த எண்களை மட்டும் காட்டும் ஒரு எளிய பக்கத்தை ஹெல்ப்டெஸ்க்குக்கே கொடுத்தோம். முன்பு ஃபயர்வால் லாகைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. திரை சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கும்படி ஒருவரை உட்காரவைத்துவிட்டு, முடிவு தவறு என்று அவரைக் குறை சொல்வது சரியில்லை.

டொமைன் கன்ட்ரோலர்களுக்குச் சான்றிதழ் போட்டு எல்டேப்பைக் குறியாக்கத்தோடு 636-ஆம் போர்ட்டுக்கு மாற்றினோம். இப்போது காலாவதியானால் விபிஎன் பக்கமே 'மாற்றிக்கொள்ளுங்கள்' என்று கேட்கிறது. கடவுச்சொற்கள் நெட்வொர்க்குக்குள் குறியாக்கமின்றி ஓடியதும் இதோடு நின்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை முன்பே செய்திருக்கலாம். எச்சரிக்கையை விண்டோஸிடம் மட்டும் விடாமல், 14, 7, 3, 1 நாள் முன்பாக மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் ஓடுகிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டாய மாற்றம் என்பது இனி கிடையாது, துறை துறையாகப் பிரித்துத்தான்.

பெரிய விவாதம் 90 நாளைப் பற்றியது. காரணமில்லாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே தன் வழிகாட்டுதலில் சொல்லியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டும் 2019 மே மாதம் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. இந்த இரண்டையும் வைத்து, குறைந்தபட்ச நீளத்தை 14 எழுத்தாக உயர்த்தி, ஆயுளை 365 நாளாக்கும்படி கேட்டோம். நிர்வாகம் ஒப்புக்கொண்டது, குறைந்தபட்ச ஆயுளும் 1 நாளுக்குத் திரும்பியது. அட்டைப் பரிவர்த்தனைத் தரவைக் கையாளும் இரண்டு குழுக்களுக்கு மட்டும் 90 நாள் தொடர்ந்தது. அட்டைத் தரவுப் பாதுகாப்புக்கான அப்போதைய பிசிஐ டிஎஸ்எஸ் தரம் அதைக் கேட்டது, வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலும் அது இருந்தது. விண்டோஸ் சர்வர் 2008 முதலே ஒரே டொமைனில் குழுவுக்குக் குழு வேறு விதி வைக்க முடியும் என்பதால் இதைப் பிரிப்பதில் சிரமம் இல்லை.

அந்த இரண்டு குழுக்களுக்கும் மாற்றங்களுக்குப் பிந்தைய முதல் காலாவதி வந்தபோது எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். பெரும்பாலானோர் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு முன்பே மாற்றியிருந்தார்கள், மற்றவர்கள் விபிஎன் பக்கத்திலேயே மாற்றிக்கொண்டார்கள். ஹெல்ப்டெஸ்க்குக்கு வந்த சில அழைப்புகள் கைபேசியில் பழைய கடவுச்சொல்லை மாற்ற மறந்தவர்களுடையவை. அதற்கான வரி அடுத்த குறுஞ்செய்தியில் சேர்க்கப்பட்டது.